கிரேவர் தீட்டும் கோணப் பிடிப்பான் செட்: எதற்காக வாங்கலாம், எதை நம்ப வேண்டாம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்கு வருகிறேன். கிரேவர் என்பது உலோகத்தில் கோடு செதுக்கும் கூர்முனைக் கருவி. அதைத் தீட்டும் இந்த செட்டை, முனையை ஒரே கோணத்தில் பிடித்துக்கொடுக்கும் கோணப் பிடிப்பானுக்காக வாங்கலாம், வேறு எதற்காகவும் வேண்டாம். கூட வரும், தீட்டி கிரேவராக்கும் எச்.எஸ்.எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கம்பிகள் நன்றாகவே இருக்கின்றன, வைரத் தட்டுகள் பரவாயில்லை, மரப்பிடிகள் சுமார், பீங்கான் தட்டு மோசம், விளக்கத்தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். பிடிப்பான் மட்டும் உண்மையாகவே நல்ல பொருள். உலோகத்தில் கையால் செதுக்கக் கற்றுக்கொள்கிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் விதவிதமான கிரேவர்களைத்தான் வாங்கிக் குவிக்கிறார்கள். ஒரு டஜன் கிரேவர் வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடச் சரியாகத் தீட்டத் தெரியாமல், கை நடுங்குகிறது, எனக்கு இது வராது என்று ஒதுங்கிப் போனவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கும். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை, முனையில்தான் குறை.

தயாரிப்பாளர் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே வடிவத்தைப் பல பெயர்களில், பெட்டியின் நிறத்தை மட்டும் மாற்றி விற்கிறார்கள். எனக்கு வந்த பெட்டியில் இருந்த குறை உங்களுக்கு வருவதில் இருக்க வேண்டும் என்றில்லை. அதனால் எதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிடிப்பானின் அமைப்பு எளிமையானது. கனமான இரும்பு அடித்தட்டு, அதில் செங்குத்தாக ஒரு தூண், தூணில் மேலும் கீழும் வழுக்கிப் போகிற, சுற்றியும் திரும்புகிற ஒரு கை, கையின் நுனியில் கம்பியைக் கவ்வும் தாடை. தாடைக்கு இரண்டு அளவு வட்டுகள் உண்டு. ஒன்று கம்பியை எவ்வளவு சாய்ப்பது என்பதற்கு, மற்றது கம்பியை அதன் அச்சிலேயே எவ்வளவு உருட்டுவது என்பதற்கு. அடித்தட்டின் மேல் வைரத் தட்டை வைத்து, முனை தட்டில் படும்வரை கையை இறக்கி, இப்படியும் அப்படியுமாக அசைத்தால் தீட்டு விழும். கை செங்குத்தாக மட்டுமே ஏறி இறங்குவதால் தட்டு தடிமனாக இருந்தாலும் மெல்லியதாக இருந்தாலும், கம்பி தாடையிலிருந்து நீளமாக நீட்டிக்கொண்டிருந்தாலும் குட்டையாக இருந்தாலும், கோணம் மாறாது. இதுதான் இந்த அமைப்பின் முழு மதிப்பும். கல்லின் மேலேயே கால் ஊன்றி நகரும் பழைய வகைப் பிடிப்பானில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினாலே கோணம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அளவுகோல் வைத்து அளக்க வேண்டும், போதாக்குறைக்கு அதன் கால்கள் கல்லில் பள்ளம் போடும்.

வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தூணின் அருகே மூலைமட்டத்தை நிறுத்தி, தூண் அடித்தட்டுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார்ப்பது. தூண் சாய்ந்திருந்தால் வட்டில் இருக்கும் எண்கள் எல்லாம் பொய். எனக்கு வந்தது சரியாக இருந்தது. அடுத்து, சாய்வு வட்டு பூஜ்ஜியத்தில் இருக்கும்போது கம்பி தட்டுக்கு இணையாகப் படுக்க வேண்டும். இதில் ஒரு டிகிரி அளவுக்குத் தள்ளியிருந்தது. இதை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் 45 என்று நினைத்து 46இல் தீட்டினாலும் வேலையில் தெரியாது. இன்று தீட்டியதும் அடுத்த வாரம் தீட்டுவதும் ஒரே கோணத்தில் விழுவதுதான் முக்கியம், அது விழுகிறது. உருட்டு வட்டின் பூஜ்ஜியம் அப்படி அல்ல. அது தள்ளியிருந்தால் முனையின் இடது பக்கப் பட்டையும் (தீட்டிய தட்டையான பரப்பு) வலது பக்கப் பட்டையும் சமமாக வராது, வெட்டும் கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். ஆகவே லூப் (கண்ணில் வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி) வைத்துப் பார்த்து, இரண்டு பட்டையும் சமமாக வருகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஊசியால் சொந்தமாக ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்க மார்க்கர் பேனா போதும். முனையில் ஏற்கெனவே இருக்கும் பட்டையின் மேல் கறுப்பு மை பூசி, மிக நுண்ணிய துகள் கொண்ட வைரத் தட்டில் அழுத்தாமல் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, லூப்பில் பாருங்கள். பட்டை முழுவதும் சீராக மை போயிருந்தால் ஆட்டம் இல்லை. ஓரத்தில் மட்டும் போயிருந்தால் கைக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி அதிகம் என்று அர்த்தம். என்னுடையதில் முன்னால் தள்ளும்போது ஒரு ஓரமும், பின்னால் இழுக்கும்போது மறு ஓரமும் லேசாகப் போனது. இழுக்கும் திசையில் மட்டும் தீட்டினால் அந்த ஆட்டம் ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கும், பட்டை சுத்தமாக விழுகிறது. அதனால் கடைசித் தீட்டு எப்போதும் ஒரே திசையில் என்று வழக்கமாக்கிக்கொண்டேன். தூணுக்கு இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டாலும் ஆட்டம் குறைகிறது. ஆனால் அந்த எண்ணெயில் உலோகத்தூள் ஒட்டினால் தூணே தேய ஆரம்பிக்கும், வேலை முடிந்ததும் துடைக்க மறக்கக் கூடாது.

சரி, இந்தக் கோணங்கள் எதற்கு? இதை விளக்கத்தாள் சொல்லவே இல்லை. எல்லாவற்றையும் 45 டிகிரியில் தீட்டுங்கள் என்று ஒரு வரியும் ஒரு படமும் போட்டு முடித்துவிட்டார்கள். கிரேவர் முனையில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முன்பக்கம் சாய்வாக வெட்டியிருப்பதை முகம் என்கிறேன். அடிப்பக்கத்தில், முனையை ஒட்டித் தீட்டும் குட்டிப் பட்டைகளைக் குதி என்கிறேன். செம்பு, வெள்ளி, பித்தளை மாதிரி மென்மையான உலோகங்களுக்கு முகம் 45 டிகிரி பொருந்தும். எஃகுக்கு 50ஐ ஒட்டி வைத்தால் முனை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். இன்னும் கடினமான உலோகமென்றால் அதற்கும் மேலே போகலாம். முகம் செங்குத்தாக ஆக ஆக முனைக்குப் பின்னால் உலோகம் அதிகமாகிப் பலம் கூடும், ஆனால் தள்ளுவதற்கு வலு அதிகம் வேண்டும். மிகவும் சாய்வாக வைத்தால் வெண்ணெய் மாதிரி வெட்டும், சீக்கிரம் ஒடியும்.

முகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வேலையை நடத்துவது குதிதான். குதி இல்லாத கிரேவரைச் செதுக்கும் உலோகத் தட்டில் வைத்துத் தள்ளினால், அடிப்பக்கம் நேராக இருப்பதால் வெட்டும் ஆழத்தைக் கட்டுப்படுத்த முடியாது. கைப்பிடி தட்டில் இடிக்கும், கையை உயர்த்தினால் முனை உள்ளே பாய்ந்து மாட்டிக்கொள்ளும், தாழ்த்தினால் மேலே சறுக்கும். 15 முதல் 20 டிகிரி வரை குதி வைத்தால் கம்பி தட்டிலிருந்து அந்த அளவுக்கு உயர்ந்து நிற்கும், விரல்களுக்கு இடம் கிடைக்கும், கையை இம்மி உயர்த்தினால் ஆழம் கூடும், இம்மி தாழ்த்தினால் குறையும். ஒரு கோட்டை மெல்லியதாக ஆரம்பித்து நடுவில் தடித்து மறுபடியும் மெல்லியதாக முடிக்கிறோமே, அந்த அழகு முழுவதும் குதியின் மேல் கையைச் சாய்த்து நிமிர்த்துவதில்தான் வருகிறது.

குதியின் நீளமும் அதே அளவு முக்கியம். அரை மில்லிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், கொடிவேலையில் (கொடிபோலச் சுருளும் அலங்காரம்) இறுக்கமான வளைவுகள் இருந்தால் அதற்கும் குறைவாக. நீளமான குதியை வளைவில் திருப்பும்போது அதன் பின்பகுதி வெட்டிய பள்ளத்துக்குள் பொருந்தாமல் வெளிப்பக்கச் சுவரைத் தேய்க்கும். கோட்டின் உள் விளிம்பு கண்ணாடி மாதிரி இருக்க, வெளி விளிம்பு சொரசொரப்பாகப் பிசிறு தட்டி நிற்கும். உங்கள் கொடிச்சுருள்களில் வெளிப்பக்கம் மட்டும் எப்போதும் அழுக்காகத் தெரிகிறதென்றால் கையைக் குறை சொல்லாதீர்கள், குதியைக் குட்டையாக்குங்கள். நேர்கோடு மட்டுமே வெட்டுகிற வேலைக்குச் சற்று நீளமான குதி உதவும், கோடு அலையாமல் நேராகப் போகும்.

இந்தப் பிடிப்பானில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் வருகிறது. சதுரக் கம்பியின் மூலை 90 டிகிரி. அப்படியே தீட்டினால் ஒடுங்கிய, ஆழமான வெட்டு விழும். குதியின் பட்டைகளை அகலமாக 120 டிகிரிக்குத் தீட்டினால் வெட்டுவது 120தான், கம்பியின் உடம்பு என்ன வடிவம் என்பது உலோகத்துக்குத் தெரியாது. கணக்கு சுலபம்: 180இல் இருந்து வேண்டிய கோணத்தைக் கழித்துப் பாதியாக்கினால் உருட்டு வட்டில் வைக்க வேண்டிய எண் கிடைக்கும். 120க்கு இரண்டு பக்கமும் 30, 90க்கு 45, நடுவில் 105 வேண்டுமென்றால் 37.5. அகலமான 120 முனை ஒளியை நன்றாக வாங்கும், கொஞ்சம் ஆழம் கூட்டினாலே கோடு சட்டென்று தடிக்கும், கொடிவேலைக்கு அருமை. 90 முனை மெல்லிய நிழல்கோடுகளுக்கும் சின்ன எழுத்துக்கும். ஆக ஒரே வகைக் கம்பியை வைத்தே தேவையான முனைகளில் பெரும்பாதியைச் செய்துகொள்ளலாம். உருட்டு வட்டைப் பூஜ்ஜியத்தில் விட்டு ஒற்றைப் பட்டையாகக் குதி தீட்டினால் தட்டை முனை கிடைத்துவிடும். அந்தக் குதியை மட்டும் பளபளவென்று மெருகேற்றிவிட்டால், வெட்டிய பள்ளத்தின் அடிப்பரப்பும் அதே பளபளப்போடு வெளியே வரும். வெள்ளியில் மின்னும் வெட்டுகளுக்கு இது ஒன்றுதான் ரகசியம். குதியில் ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு வெட்டிலும் அந்தக் கீறல் அச்சுப் பிசகாமல் பதிந்து வரும்.

தீட்டும் வரிசையில் முதலில் முகம், பிறகு குதியின் இரண்டு பட்டைகள், கடைசியில் முகத்தை நுண்ணிய துகள் கொண்ட தட்டில் பட்டும் படாமலும் ஒரு தடவை தொட்டு, குதி தீட்டும்போது மேலே எழுந்த பிசிறை எடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசித் தொடுகையை விட்டுவிட்டால் முனை கூராக இருப்பதுபோல் தெரியும், முதல் வெட்டிலேயே பிசிறு ஒடிந்து முனையையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போய்விடும். கூர் வந்ததா என்று பார்க்கப் பழைய வழியே நல்ல வழி. கட்டைவிரல் நகத்தில் முனையை எடைகூடக் கொடுக்காமல் வைத்து நகர்த்துங்கள். கூரான முனை வைத்த இடத்தில் கவ்வி நிற்கும், மழுங்கியது வழுக்கிக்கொண்டு போகும். விளக்கொளியில் லூப் வைத்துப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். சரியான முனை ஒளியைத் திருப்பாது. முனையில் ஊசிக்குத்து அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினால் அது உடைந்த இடம்.

கம்பிகளுக்கு வருவோம். சதுர எச்.எஸ்.எஸ் கம்பிகள் ஆறு, கார்பைடு (எஃகைவிடக் கடினமான டங்ஸ்டன் சேர்மம்) உருளை ஒன்று, கடினப்படுத்தாத கார்பன் எஃகுக் கம்பிகள் இரண்டு வந்தன. எச்.எஸ்.எஸ் என்று எழுதி ஒட்டியதெல்லாம் எச்.எஸ்.எஸ் ஆகிவிடாது என்பதால் ஒரு கம்பியின் பின்முனையை மின்சாரச் சாணையில் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். சாதாரணக் கார்பன் எஃகு என்றால் வெள்ளை மஞ்சளாக, பூவாணம் மாதிரி கிளை கிளையாகப் பொறி வெடிக்கும். இதில் மங்கிய ஆரஞ்சு நிறத்தில் குறைவான பொறிதான் வந்தது, சரியான சரக்கு. எச்.எஸ்.எஸ் கம்பியின் பெரிய நன்மை, சாணையில் சூடேறி நீலம் பூத்தாலும் கடினம் போகாது, 500 டிகிரி செல்சியஸ் தாண்டியும் தாங்கும். ஆனால் சூடான எச்.எஸ்.எஸ்ஸைச் சட்டென்று தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, பிறகு ஏன் முனை அடிக்கடி உதிர்கிறது என்று தெரியாமல் தவிப்பீர்கள். காற்றில் ஆறவிடுங்கள்.

கார்பன் எஃகுக் கம்பிகளைச் சேர்த்துக் கொடுத்ததற்கு இவர்களை மனதாரப் பாராட்டுகிறேன், ஏனென்றால் சொந்தமாக ஒரு கருவியை ஆரம்பத்திலிருந்து செய்து பார்க்காமல் இந்தக் கலையின் பாதி புரியாது. மென்மையாக இருக்கும்போதே அரத்தால் வேண்டிய வடிவத்துக்கு அராவிக்கொண்டு, முனைப்பகுதியைச் செர்ரிச் சிவப்பாகச் சூடேற்ற வேண்டும். காந்தத்தைக் காட்டினால் ஒட்டாமல் போகிற கட்டம் வரும், அதைத் தாண்டி இன்னும் சற்றே ஏற்றி, 800 டிகிரி செல்சியஸை ஒட்டி, எண்ணெயில் நேராக இறக்கித் தோய்க்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து இறக்கினால் வளையும். இது எண்ணெயில் தோய்க்கும் ரக எஃகுக்கு. தண்ணீரில் தோய்க்கும் ரகமும் உண்டு, எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோய்த்ததும் அரத்தை வைத்தால் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கும். கடினம் ஏறிவிட்டது, ஆனால் இந்த நிலையில் கீழே விழுந்தாலே உடையும். பதத்தைத் தணிக்க வேண்டும்.

தணிக்கும் காட்சியை நிதானமாகப் பாருங்கள். கம்பியின் ஒரு பக்கத்தை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு, முனைக்குப் பின்னால், நடுக்கம்பியில் சின்னச் சுடரைக் காட்டினால், சுடர் படும் இடத்தில் வெளிர் மஞ்சள் பூக்கும். அது அடர்ந்து பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகும், அதே சமயம் அந்த நிற வரிசை அப்படியே முனையை நோக்கி ஊர்ந்து வரும். நீலம் முனைக்கு வரவே கூடாது, அது கிட்டத்தட்ட 300 டிகிரி, மென்மை அதிகமாகிவிடும். முனையில் காய்ந்த வைக்கோலின் வெளிர் மஞ்சள் தெரிந்த கணமே, அதாவது 220, 230 டிகிரி அளவில், எடுத்துத் தண்ணீரில் விட வேண்டும். முனை கடினமாக, பின்கம்பி சற்று வளைந்து கொடுக்கும் குணத்தோடு, இப்படி ஒரே கம்பியில் இரண்டு தன்மை வருவது எந்தத் தயார்நிலைக் கம்பியிலும் கிடைக்காது. இந்தக் கம்பியைச் சாணையில் பிடிக்கும்போது மட்டும் அடிக்கடி தண்ணீரில் நனைத்து, சூடேறும் முன்பே ஆற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முனையில் ஒரு நீலப் புள்ளி விழுந்தால் அங்கே பதம் போய்விட்டது, அந்த இடம் தீரும்வரை தேய்த்து எடுத்தால்தான் மறுபடி உதவும்.

கார்பைடு உருளை ஆரம்பத்தில் தேவையே இல்லை. கடினமான எஃகில் நெடுநேரம் கூர் நிற்கும் என்பது உண்மை. ஆனால் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது, வெட்டு முடியும் இடத்தில் கையை லேசாகத் திருகினாலே முனை உதிரும். உதிர்ந்த துணுக்கு பள்ளத்திலேயே புதைந்து கிடக்கும். அதைக் கவனிக்காமல் புதிதாகத் தீட்டிய முனையோடு அதே இடத்தில் மறுபடி தொடங்கினால் இரண்டாவது முனையும் அதன்மேல் மோதி உடையும், ஆகவே முதலில் துணுக்கை நெம்பி வெளியே எடுக்க வேண்டும். சாதாரண அலுமினியம் ஆக்சைடு சாணைக்கல் கார்பைடை அறுக்காது, வைரம்தான் வேண்டும். அந்தத் தூளில் கோபால்ட் இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல், எப்போதும் ஈரத்தோடு தீட்டுங்கள், தூளை ஊதிவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். இன்னொரு சிக்கல், பிடிப்பானின் தாடை வெட்டு சதுரக் கம்பியை அருமையாகக் கவ்வுகிறது, உருளையை அல்ல. திருகை எவ்வளவு இறுக்கினாலும் தீட்டும் அழுத்தத்தில் உருளை மெல்லத் திரும்புகிறது, இரண்டு பட்டைகளும் கோணல். உருளையின் மேல்பக்கம் வைரத்தால் ஒரு தட்டையான இடம் தேய்த்துக்கொண்டு, திருகு அதன்மேல் படும்படி வைத்தால் சரியாகிவிடும். இதைத் தயாரிப்பிலேயே செய்து கொடுத்திருக்க வேண்டும்.

வைரத் தட்டுகள் 260, 600, 1200 என்று மூன்று (எண் கூடக் கூடத் துகள் நுண்ணியது). புதிதில் எல்லாமே எண்ணுக்கு மீறிச் சொரசொரப்பாகக் கீறும். மேலே துருத்திக்கொண்டிருக்கும் வைரத்துகள்கள் பழக்கத்தில் அடங்கியபிறகுதான் 1200 தட்டு 1200 மாதிரி நடந்துகொள்ளும், அதுவரை முக்கியமான முனைகளை இதில் முடிக்க வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் வைரம் பெயர்ந்துவிடும். பிடிப்பான் கையின் எடைக்குமேல் விரல் எடை போதும். கொஞ்சம் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்துக்கொண்டால் தூள் அடைக்காது, வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துக் காயவைக்க வேண்டும். 260 தட்டு புதுக் கம்பிக்கு வடிவம் கொடுக்கவும், உடைந்த முனையைத் திருத்தவும் மட்டுமே. தினசரித் தீட்டுக்கு அதைத் தொடுவது கம்பியை வீணாக்குவது.

பீங்கான் தட்டைப் பற்றிக் கோபமாகவே எழுதுகிறேன். அரை மைக்ரான் வைரப்பசை தடவி முனைக்குக் கடைசி மெருகு கொடுக்க வேண்டிய தட்டு இது. இதன்மேல் இரும்பு அளவுகோலை நிறுத்தி விளக்குக்கு எதிரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் கசிந்தது, அதாவது குழிந்திருந்தது. குழிந்த பரப்பில் மெருகேற்றினால் குதியின் விளிம்பு உருண்டுபோகும், 1200இல் கொண்டுவந்த கூரைக்கூட இழக்க நேரிடும். விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். பதில் வருவதற்குப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருந்தது, கடைசியில் மாற்றுத் தட்டு அனுப்பினார்கள், அதுவும் முழுத் தட்டையாக இல்லை, முதலாவதைவிடப் பரவாயில்லை என்ற அளவுதான். வேறொரு தட்டையான வார்ப்பிரும்புத் தட்டில் வைரப்பசை தடவிப் பயன்படுத்துகிறேன், மெருகு அற்புதமாக வருகிறது. நுண்மையான, அடர்த்தியான அர்கான்சா கல் (இயற்கைத் தீட்டுக்கல்) கையில் இருந்தால் எச்.எஸ்.எஸ்ஸுக்கும் கார்பன் எஃகுக்கும் அதுவே போதும், கார்பைடுக்கு மட்டும் அது ஆகாது.

மரப்பிடிகள் காளான் வடிவம், அடியில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியது, வடிவத்தில் குறை இல்லை. வார்னிஷ் அதிகம், உள்ளங்கை வியர்த்தால் வழுக்குகிறது, உப்புத்தாளால் தேய்த்துவிட்டுக் கொஞ்சம் எண்ணெய் தடவினால் சரி. பிடியைவிடக் கம்பியின் நீளத்தைப் பாருங்கள். பிடி உள்ளங்கையின் குழியில் பதிய, கட்டைவிரல் தட்டின்மேல் ஊன்றியிருக்க, முனை கட்டைவிரல் நுனியைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் கைக்கான நீளம். வரும் கம்பிகள் எல்லோர் கைக்கும் நீளம்தான். பின்முனையைத்தான் குறைக்க வேண்டும், வெட்டும் முனையை அல்ல. சாணையில் சுற்றிலும் ஒரு பள்ளம் போட்டு, வைஸில் கவ்வி, துணியால் மூடிக்கொண்டு தட்டினால் ஒடியும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யவே கூடாது, கடினப்படுத்திய எஃகுத் துண்டு தெறிக்கும் வேகம் பயங்கரமானது.

அன்றாடப் பராமரிப்பில் இந்தப் பிடிப்பான் மிச்சப்படுத்தும் நேரம்தான் எனக்கு இதன் மதிப்பை உணர்த்தியது. முனை உடையும்வரை காத்திருக்காமல், கோடு பளபளப்பை இழக்கிறது, தள்ள வலு கூடுகிறது, வெட்டுப்படும் உலோகச் சுருள் சீராக எழாமல் பொடியாக உதிர்கிறது, இதில் ஏதாவது ஒன்று தெரிந்ததுமே முகத்தை மட்டும் மெருகுத் தட்டில் சில இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். வட்டில் அதே எண், அதே கோணம், வேலையை விட்டு எழுந்திருக்கவே தேவையில்லை. முகத்தைத் தீட்டத் தீட்டக் குதி குட்டையாகிக்கொண்டே வரும் என்பதை நினைவில் வையுங்கள். அது மறையும் அளவுக்குப் போனதும் குதியைப் புதிதாக வைக்க வேண்டும். முகம் பெரிய பரப்பாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு எஃகையும் தேய்க்க வேண்டிவரும், ஆகவே கம்பியின் மேல்முதுகை முனைக்குப் பின்னால் சாணையில் சரித்துக் குறைத்துவிடுங்கள். முகம் சின்னதாகி தீட்டு சீக்கிரம் முடியும், வேலை செய்யும்போது முனையும் மறைக்காமல் தெரியும். ஒவ்வொரு கம்பியின் பிடியிலும் அதன் முகக் கோணம், குதிக் கோணம், உருட்டு எண் மூன்றையும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், நினைவை நம்புவதில்லை.

கிரேவர்களை ஒரே டப்பாவில் கொட்டி வைப்பவர்களைப் பார்த்தால் மனது பதறுகிறது. முனையும் முனையும் உரசினால் அவ்வளவு நேரம் தீட்டியது போச்சு. மரக்கட்டையில் துளை போட்டு முனை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள், அல்லது முனைக்கு ஒரு துண்டுக் கார்க்கோ ரப்பர் குழாயோ மாட்டுங்கள். கார்பன் எஃகு முனைகளில் ஒரு பொட்டு எண்ணெய் தடவாமல் வைத்தால் துரு முதலில் விளிம்பைத்தான் தின்னும்.

இது யாருக்கு வேண்டாம்? வருடக்கணக்கில் வெறும் கையால் கல்லில் தீட்டிப் பழகி, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து ஒரே கோணத்தில் இழுக்கத் தெரிந்தவர்களுக்கு இது தேவையில்லை, அவர்கள் முகத்தைத் தீட்டும் வேகத்துக்கு இது ஈடுகொடுக்காது. ஒரே ஒரு சதுர முனையை வைத்துச் செம்பில் மட்டும் கோடு வெட்டுகிறவர்களுக்கும் தேவையில்லை, சரியான கோணத்தில் துளையிட்ட ஒரு பித்தளைக் கட்டை போதும். எஃகில் கொடிவேலை, எழுத்து, பொதிவேலைக்கான (வேறு உலோகத்தைப் பதிக்கும் வேலை) அடிவெட்டு என்று பலவகை முனை வேண்டியவர்கள், முக்கியமாக இப்போதுதான் தொடங்குகிறவர்கள், தயங்காமல் வாங்கலாம். பிடிப்பானைத் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். விற்றால் அதையும், நல்ல எச்.எஸ்.எஸ் சதுரக் கம்பிகளையும், 600, 1200 தட்டுகளையும் தனித்தனியாக எடுங்கள், மெருகுத் தட்டை மட்டும் நேரில் அளவுகோல் வைத்துப் பார்த்து வாங்குங்கள். செட்டாகத்தான் தருவோம் என்றால், பெட்டியைப் பிரித்ததும் தூணின் செங்குத்தையும் பீங்கான் தட்டின் தட்டையையும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்.